காமிராவின் புறக்கண்

ஒளிப்படம் எடுத்தல் ஒரு காலத்தில் ஒரு சிலர்க்கே கைவந்த கலையாக இருந்தது. இன்றோ, உள்ளங்கையில் அடங்கும் டிஜிட்டல் காமிராவைச் சிறுவரும் கையாளுகின்றனர். அக்கருவியின் முதுகில் ஒரு சிறு திரை உண்டு. வில்லை காணும் காட்சி அத்திரையில் அப்படியே தோன்றும். அதனைப் பார்த்துப் பொத்தானை அழுத்தினால் படம் பதிந்துவிடும். இதனினும் எளிய செயல் வேறொன்று இல்லை என்றே எண்ணத் தோன்றும்.

ஆயினும், திரையில் காட்சி தெரியும் வரையில்தான் இந்த எளிமை. உச்சிவேளையில், திறந்த வெளியில், ஒரு பள்ளியின் விளையாட்டு விழா நடைபெறுவதாகக் கொள்க. ஓட்டப் பந்தயத்தில் முதலாவதாக வரும் மாணவியைப் படம் எடுக்க ஒருவர் காமிராவை உயர்த்துகிறார். திரையில் மாணவி தென்படவில்லை. வெளிறிய வானமும், கண்ணாடியில் தெரிவதுபோல் அவருடைய முகமுமே தெரிகின்றன. ஏதோ ஒரு திசையில் கருவியைக் காட்டிப் பொத்தானை அழுத்துகிறார். பின்னர் நிழலில் ஒதுங்கி நின்று பார்க்கும்போது, எல்லைக் கயிற்றைத் தொட்ட கை மட்டும் படத்தின் ஓரத்தில் இருக்கிறது. மகிழ்ச்சியால் மலர்ந்த முகம் படத்தில் இல்லை. அந்த ஓட்டம் மீண்டும் ஒருமுறை நடைபெறப் போவதில்லை. கைவிட்டுப் போன கணம் போனதுதான்.

இத்தகைய இழப்பைத் தவிர்க்க உதவும் துணைக்கருவி ஒன்று உண்டு. அதனைப் புறக் காட்சிநோக்கி எனலாம். வியூபைண்டர் என்ற பெயராலேயே கடைகளில் அது விற்கப்படுகிறது. கட்டைவிரல் அளவேயுள்ள இச்சிறு பொருள், காமிராவின் தலைமேல் அமைந்த காடியில் செருகிப் பொருத்தப்படுவது. கண்ணாடி வில்லைகளும், அவற்றைத் தாங்கும் கூடும் தவிர வேறொன்றும் அதில் இல்லை. மின்கலம் இல்லை, கம்பி இல்லை, காமிராவின் வில்லையோடு அதற்கு எவ்வகைத் தொடர்பும் இல்லை. அதன் நிறைகள் எல்லாம் இத்தனிமையால் வந்தவை. அதன் குறைகளும் இத்தனிமையால் வந்தவையே. இவ்விரண்டையும் ஒருங்கே அறிந்தவர்க்கே அக்கருவி முழுப்பயன் தரும்.

திரை வெயிலில் மங்குவதற்குக் காரணம் யாது? திரை தன் உள்ளே இருக்கும் விளக்கின் ஒளியால் காட்சியைக் காட்டுகிறது. அவ்விளக்கின் வலிமைக்கு ஓர் எல்லை உண்டு. நன்கு விளக்கேற்றிய வகுப்பறையில் பொருள்கள்மீது விழும் ஒளி சில நூறு லக்ஸ் அளவினது. நண்பகலின் நேர்வெயிலிலோ அது ஏறத்தாழ 1,00,000 லக்ஸ் ஆகும். இத்துணை ஒளி திரையின் கண்ணாடிமேல் விழுந்து, அதில் ஒரு சிறு பகுதி திரும்பிக் கண்ணை அடைந்தாலும் போதும். திரையின் சொந்த ஒளி அதில் மூழ்கிவிடும். பகலில் விண்மீன்கள் தோன்றாமை போன்றதே இது. காட்சிநோக்கியின் நிலை இதற்கு நேர்மாறானது. அதற்குச் சொந்த ஒளி இல்லை. எதிரே உள்ள காட்சியின் ஒளியே வில்லைகளின் வழியாகக் கண்ணுக்கு வருகிறது. ஆதலின் வெயில் மிக மிக, அதனுள் தெரியும் காட்சியும் ஒளி மிக்கதாகிறது.

காமிராவுக்கு வெளியே ஒரு கண்ணைப் பொருத்தும் வழக்கம் புதியதன்று. 1900-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஈஸ்ட்மன் கோடக் நிறுவனம் பிரௌனி என்னும் பெட்டிக் காமிராவை ஒரு டாலர் விலைக்கு வெளியிட்டது. முதலில் வந்த அப்பெட்டியில் காட்சிநோக்கியே இல்லை. பெட்டியின் மேற்புறத்தில் கோணமாக விரியும் இரு கோடுகள் மட்டும் இருந்தன. அக்கோடுகளின் வழியே கண்ணைச் செலுத்தி, எவ்வளவு பரப்புப் படத்தில் விழும் என்பதை எடுப்பவரே மதித்துக்கொள்ள வேண்டும். இது போதாது என்று கருதியவர்களுக்காக, பெட்டியின்மேல் கவ்விப் பொருத்தும் காட்சிநோக்கி ஒன்று தனியே விற்கப்பட்டது.

1925-ஆம் ஆண்டில் செர்மனியின் லைப்சிக் நகரக் கண்காட்சியில் லைக்கா என்னும் சிறிய காமிரா வெளியிடப்பட்டது. ஆஸ்கர் பார்னக் என்பவர் வகுத்த அக்கருவி, 35 மி.மீ. அகலமுள்ள திரைப்படச் சுருளில் படங்களைப் பதித்தது. பின்னர் 1930-ஆம் ஆண்டை ஒட்டி, ஒரு வில்லையைக் கழற்றி வேறொரு வில்லையை மாட்டும் வசதியும் அதற்கு வாய்த்தது. அகன்ற பரப்பைக் காண்பதற்கு ஒரு வில்லை. தொலைவிலுள்ள பொருளைப் பெரிதாகக் காண்பதற்கு மற்றொரு வில்லை. வில்லை மாறினால் அது காணும் கோணமும் மாறும். ஆதலால் அந்தந்த வில்லைக்கு ஏற்ற காட்சிநோக்கியைத் தலைமேல் உள்ள காடியில் மாற்றிப் பொருத்திக்கொண்டனர்.

டிஜிட்டல் காமிராக்கள் வந்த காலத்தில் திரை செல்வாக்குப் பெற்றது. 1995-ஆம் ஆண்டில் சப்பான் நாட்டுக் கேசியோ நிறுவனம் வெளியிட்ட கியூ.வி.10 என்னும் காமிராவின் முதுகில் சிறு வண்ணத் திரை இருந்தது. காட்சியைக் காண்பதற்கும், எடுத்த படத்தை உடனே பார்ப்பதற்கும் அஃது ஒன்றே போதுமானதாக இருந்தது. அதன்பின் வந்த சிறு காமிராக்கள் பலவற்றில் திரையும் இருந்தது. உள்ளேயே அமைந்த காட்சிநோக்கியும் இருந்தது. ஆண்டுகள் செல்லச் செல்லத் திரை பெரிதாயிற்று, கருவி சிறிதாயிற்று. இடமின்மையாலும் செலவு கருதியும் காட்சிநோக்கி கைவிடப்பட்டது. எனினும், கண்ணருகே வைத்துப் பார்த்துப் பழகியவர்கள் அதனை மறக்கவில்லை. 2005-ஆம் ஆண்டில் ரிக்கோ நிறுவனம் ஜி.ஆர். டிஜிட்டல் என்னும் சிறு காமிராவை வெளியிட்டபோது, காடியில் பொருத்தும் காட்சிநோக்கியையும் தனியே விற்றது. 2008-இல் வந்த சிக்மா டி.பி.1, 2009-இல் வந்த லைக்கா எக்ஸ்1 ஆகிய காமிராக்களுக்கும் இத்தகைய துணைக்கருவிகள் செய்யப்பட்டன. நூறு ஆண்டுகளுக்கு முன் பிரௌனிப் பெட்டியின்மேல் ஏறிய புறக்கண், இவ்வாறு மீண்டும் டிஜிட்டல் காமிராவின்மேல் ஏறியது.

இக்கருவியின் உள்ளமைப்பு மிக எளியது. கலிலியோ 1609-ஆம் ஆண்டில் அமைத்த தொலைநோக்கியில், முன்னே குவிவில்லையும் கண்ணருகே குழிவில்லையும் இருந்தன. தொலைவிலுள்ள பொருள் அதில் பெரிதாகத் தெரிந்தது. அத்தொலைநோக்கியைத் திருப்பிப் பிடித்துப் பார்த்தால், பரந்த காட்சி சுருங்கிச் சிறிதாக, ஆனால் தலைகீழாகாமல் நேராகத் தெரியும். காட்சிநோக்கியின் அடிப்படையும் இதுவே. முன்னே குழிவில்லை; பின்னே குவிவில்லை. இவற்றோடு, படத்தில் விழும் பரப்பு இவ்வளவு என்பதைக் காட்டும் ஒளிக்கோடுகளும் பல காட்சிநோக்கிகளில் உண்டு. கண்ணருகே வரைந்த கோடுகள், ஒளியை ஓரளவே திருப்பும் மெல்லிய பூச்சுடைய கண்ணாடியில் பட்டு மீண்டு, காட்சியின்மீது மிதப்பனபோல் தோன்றும். டச்சு நாட்டவரான ஆல்படா என்பவர் கண்ட வழி இது.

இக்கோடுகளுக்கு வெளியேயும் காட்சி தெரிவது ஒரு பெரும் நன்மை. திரையில் தெரிவது படத்தில் விழும் பகுதி மட்டுமே. அதற்கு அப்பால் என்ன நிகழ்கிறது என்பது தெரியாது. காட்சிநோக்கியிலோ, கோட்டுக்கு வெளியே ஓடிவரும் மாணவியை முன்னரே கண்டு, அவள் கோட்டுக்குள் நுழையும் கணத்திற்காகக் காத்திருக்கலாம். மேலும், திரையில் காட்சி மின்னணுக்களால் உருவாக்கப்படுவதால் சிறிது பிந்தியே தோன்றும். காட்சிநோக்கியில் அத்தாமதமும் இல்லை.

கை நடுங்காமை மற்றொரு நன்மை. திரையைப் பார்ப்பவர் இரு கைகளையும் முன்னே நீட்டிக் காமிராவைப் பிடிக்கிறார். நீட்டிய கை விரைவில் தளர்ந்து அசையும். அசைந்தால் படம் கலங்கும். காட்சிநோக்கியைப் பயன்படுத்துபவர் கருவியைப் புருவத்தோடு சேர்த்து வைத்து, முழங்கைகளை விலாவோடு அணைத்துக்கொள்கிறார். இரு கைகளும் நெற்றியும் ஆகிய மூன்று தாங்கல்கள் கருவிக்குக் கிடைக்கின்றன. முக்காலியின் உறுதி மூன்று கால்களால் வருவது போன்றதே இது. திரையை அணைத்து வைத்தால் மின்கலத்தின் ஆற்றலும் வீணாகாது.

இனிக் குறைகளைக் காணல் வேண்டும். முகத்திற்கு எதிரே கட்டைவிரலை நிறுத்தி, இடக்கண்ணை மூடி வலக்கண்ணால் பார்க்க. பின்பு வலக்கண்ணை மூடி இடக்கண்ணால் பார்க்க. விரல் அசையவில்லை, ஆயினும் பின்னே உள்ள சுவரில் அஃது இடம் பெயர்ந்ததுபோல் தோன்றும். இரு கண்களும் வெவ்வேறு இடங்களில் இருப்பதால் விளையும் இத்தோற்றம் இடமாறு தோற்றம் எனப்படும். காமிராவுக்கும் இரண்டு கண்கள் உள்ளன. வில்லை ஒரு கண்; அதற்கு மேலே உள்ள காட்சிநோக்கி மற்றொரு கண். ஒன்று காண்பதை மற்றொன்று அப்படியே காண இயலாது.

இவ்வேறுபாடு எவ்வளவு என்பதைக் கணக்கிட்டு அறியலாம். வில்லைக்கு 5 செ.மீ. மேலே காட்சிநோக்கி இருப்பதாகக் கொள்க. 28 மி.மீ. வில்லைக்கு உரிய கோணத்தில் படுக்கைவாட்டில் படம் எடுத்தால், 10 மீட்டர் தொலைவில் உள்ள காட்சியில் ஏறத்தாழ 8½ மீட்டர் உயரம் படத்தில் அடங்கும். 8½ மீட்டரில் 5 செ.மீ. என்பது பொருட்படுத்தத் தக்கதன்று. 1 மீட்டர் தொலைவிலோ 86 செ.மீ. உயரமே அடங்கும், அதில் 5 செ.மீ. என்பது பதினேழில் ஒரு பங்கு. அரை மீட்டர் தொலைவில் அஃது எட்டில் ஒரு பங்குக்கு அருகில் வந்துவிடும். 30 செ.மீ. தொலைவில் வைத்து ஒரு மலரைப் படம் எடுத்தால் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு பிழைபடும். பொருள் எவ்வளவு அருகில் இருக்கிறதோ, பிழை அவ்வளவு பெரிது.

இப்பிழை எத்திசையில் நேரும் என்பதும் தெளிவு. மேலே உள்ள கண் சற்று மேலான பகுதியைக் காண்கிறது. கீழே உள்ள வில்லை சற்றுக் கீழான பகுதியைப் பதிக்கிறது. ஆகவே காட்சிநோக்கியில் முழுமையாகத் தெரிந்த தலை, படத்தில் உச்சி இழந்து நிற்கும். அருகில் உள்ளவரைப் படம் எடுக்கும்போது, தலைக்கு மேலே போதிய இடம் விட்டுக் காட்சியை அமைப்பது இதற்கு மாற்று. காட்சியை அமைத்தபின், கருவியைச் சாய்க்காமல் 5 செ.மீ. மேலே உயர்த்திப் பொத்தானை அழுத்துவது இன்னும் திருத்தமான மாற்று. அப்போது, முன்பு காட்சிநோக்கி இருந்த இடத்திற்கு வில்லை வந்துவிடும் அன்றோ? கருவியை நெடுக்குவாட்டில் திருப்பிப் பிடித்தால் காட்சிநோக்கி பக்கவாட்டில் அமையும். பிழையும் பக்கவாட்டில் நேரும். 1954-ஆம் ஆண்டில் வந்த லைக்கா எம்3 என்னும் காமிராவில், தொலைவுக்கு ஏற்ப ஒளிக்கோடுகளே நகர்ந்து இப்பிழையைத் திருத்தின. ஏனெனில், அதில் காட்சிநோக்கி கருவியின் உள்ளேயே வில்லையோடு இணைக்கப்பட்டிருந்தது. காடியில் தனித்து நிற்கும் புறக்கண்ணுக்கு அவ்விணைப்பு இல்லை. ஆதலின் அத்திருத்தத்தை எடுப்பவரின் அறிவே செய்தல் வேண்டும்.

குவியத்தைக் காட்டாமை இரண்டாவது குறை. காட்சிநோக்கியில் அருகில் உள்ளதும் தொலைவில் உள்ளதும் ஒருங்கே தெளிவாகத் தெரியும். ஆனால் வில்லை எந்தத் தொலைவுக்குக் குவிந்திருக்கிறதோ அதுவும், அதனை ஒட்டிய பகுதியுமே படத்தில் தெளிவு பெறும். காமிரா தானே குவியம் அமைக்கும்போது, முன்னே நிற்பவரை விட்டுப் பின்னே உள்ள மரத்தைப் பற்றிக்கொண்டாலும் எடுப்பவருக்குத் தெரியாது. இதற்கு இருவழிகள் உண்டு. குவியம் கொள்ளும் புள்ளியைப் படத்தின் நடுவிலேயே நிலைநிறுத்தி, வேண்டிய பொருளை நடுவில் வைத்துப் பொத்தானைப் பாதி அழுத்தி, பின்பு காட்சியைச் சரிசெய்து முழுதும் அழுத்துவது ஒருவழி. தொலைவை முன்னரே குறித்து வைத்துக்கொள்வது மற்றொரு வழி. 2013-ஆம் ஆண்டில் வந்த ரிக்கோ ஜி.ஆர். காமிராவில் 18.3 மி.மீ. குவியத் தூரமுள்ள வில்லை இருந்தது. இத்தகைய வில்லையில் துளை எண்ணை 8 என அமைத்து, 2½ மீட்டர் தொலைவுக்குக் குவித்தால், ஏறக்குறைய 1¼ மீட்டர் முதல் கண்ணுக்கெட்டிய தொலைவு வரை யாவும் போதிய தெளிவோடு பதியும். அதன்பின் குவியத்தைப் பற்றிக் கவலை கொள்ளாமல் காட்சியிலேயே கருத்தைச் செலுத்தலாம்.

வேறு சில செய்திகளையும் நினைவிற் கொள்ளுதல் வேண்டும். பெரும்பாலான புறக் காட்சிநோக்கிகள் ஒரே ஒரு கோணத்திற்கு உரியவை. உருப்பெருக்கத்தை மாற்றும் வில்லையுடைய காமிராவில் பொருத்தினால், வில்லையையும் அக்கோணத்திலேயே நிறுத்தி வைத்தல் வேண்டும். வில்லையின்மேல் விரல் மறைத்தாலும், மூடி கழற்றப்படாமல் இருந்தாலும் காட்சிநோக்கி அறிவிக்காது. காடியில் அஃது அமர்ந்திருக்கும்போது, அவ்விடத்தில் மின்னொளி விளக்கைப் பொருத்த இயலாது. மூக்குக்கண்ணாடி அணிந்தவர்க்குச் சில காட்சிநோக்கிகளில் ஓரக் கோடுகள் முழுமையாகத் தெரியமாட்டா. ஆதலால் வாங்குமுன் கண்ணருகே வைத்துப் பார்த்துக்கொள்வது நலம்.

ஒருவர் தம் கருவியின் பிழையைத் தாமே அளந்தறிய ஓர் எளிய சோதனை உண்டு. பூசப்படாத செங்கற்சுவர் ஒன்றைத் தேர்ந்து, கல் வரிசைகளுக்குக் கீழிருந்து மேலாகச் சுண்ணக்கட்டியால் எண்கள் இடுக. 1 மீட்டர் தொலைவில் முக்காலியின்மீது காமிராவைச் சாயாமல் நிறுத்துக. காட்சிநோக்கியின் மேற்கோட்டிலும் கீழ்க்கோட்டிலும் தெரியும் எண்களைக் குறித்துக்கொண்டு படம் எடுக்க. பின்பு படத்தில் பதிந்த எண்களை அவற்றோடு ஒப்பிடுக. எத்தனை வரிசைகள் மேலே விடுபட்டன, எத்தனை வரிசைகள் கீழே மிகுந்தன என்பது புலப்படும். 3 மீட்டர் தொலைவிலும் அவ்வாறே செய்க. கோடுகள் காட்டும் பரப்புக்கும் படத்தில் விழும் பரப்புக்கும் உள்ள சிறு வேற்றுமையும் இதனால் தெரியவரும். அரை மணி நேரத்தில் முடியும் இச்சோதனை, பின்னர் எடுக்கும் நூற்றுக்கணக்கான படங்களைக் காக்கும்.

இவற்றையெல்லாம் நோக்கின், திரையும் காட்சிநோக்கியும் ஒன்றற்கொன்று பகையல்ல என்பது விளங்கும். மலர், பூச்சி, நூலின் பக்கம் போன்ற அருகிலுள்ள பொருள்களுக்குத் திரையே ஏற்றது. அது வில்லை காண்பதையே காட்டும். ஒளி மிக்க வெளியில், விரைந்து இயங்கும் காட்சிக்கு, ஓரிரு மீட்டருக்கு அப்பால் உள்ள மனிதர்க்குக் காட்சிநோக்கி ஏற்றது. இடம் அறிந்து பயன்படுத்துவதே திறமை.

காட்சிநோக்கி பொய் சொல்வதில்லை. தான் நிற்கும் இடத்திலிருந்து தெரிவதை அஃது உள்ளவாறே காட்டுகிறது. வில்லை நிற்கும் இடம் வேறு என்பதை மறப்பவரே பிழை செய்கிறார். இரு கண்களுக்கும் இடையே உள்ள ஐந்து சென்டிமீட்டரை மனத்தில் கொண்டவர்க்கு, ஓடிவரும் மாணவியின் முகம் படத்தின் நடுவில் மலர்ந்து நிற்கும். கருவியின் குறையை அறிந்தவரே அதன் நிறையையும் பெறுவர்.